ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு கட்டங்கள்: கிம்பர்லியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரம். அண்ணாச்சி வீட்டுக் கார் ஷெட்டில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மடக்கு மேசை, என் பழைய லேப்டாப். பையன் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் மளமளவென்று போனது. அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. ‘மக்கள் பிரிவு’ என்று கேட்டு நாலு கட்டம் போட்டிருந்தார்கள்: ஆப்பிரிக்கர், கலர்டு (கலப்பு மரபினருக்கு இந்த நாட்டில் வைத்த பெயர்), இந்தியர் அல்லது ஆசியர், வெள்ளையர்.

“மெனீர், இதுல எது?” என்றான். மெனீர் என்றால் ஆஃப்ரிகான்ஸில் ‘சார்’. அவன் அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “நான் கலர்டுன்னு போட்டேன்” என்றாள். அவனுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆப்பிரிக்கர் என்று இருந்தது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், தாளில் இரண்டு இனம். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நம்ம பாடு தேவலை தம்பி. மூணாவது கட்டம் நமக்குன்னே அடிச்சு வச்சிருக்கான்.”

அண்ணாச்சி டர்பனில் பிறந்த நாலாம் தலைமுறை. கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தமிழில் இன்னும் வட ஆற்காட்டு வாடை உண்டு. அண்ணாச்சி என்பது எங்கள் திருநெல்வேலிச் சீமைச் சொல், அவருக்குப் புதுசு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிடித்துப்போய்விட்டது. நான் கணக்கு வாத்தியாராக இந்த ஊருக்கு வந்தவன். கிம்பர்லியில் தமிழ்க் குடும்பங்கள் கைவிரலில் அடங்கிவிடும். அதில் மூன்று வீட்டார் சேர்ந்து நடத்திய சனிக்கிழமைக் கணக்கு வகுப்புக்கு 2022-இல் அந்தப் பையன் வந்து சேர்ந்தான். பின்னாலேயே அக்காவும் வந்தாள். 2022-லிருந்து 2025 வரை இந்த இரண்டு பேருக்கும் எந்தெந்த அரசுத் திட்டம் எட்டியது, எது எட்டவில்லை என்று குறித்து வைத்ததுதான் இந்தக் கட்டுரை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

ஆச்சரியக்குறி போட்டு எழுதும் மக்கள்

அவர்கள் குடும்பம் பிளாட்ஃபொன்டெய்ன்காரர்கள். கிம்பர்லியிலிருந்து பார்க்லி வெஸ்ட் போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதிப் பூர்வகுடிகளான சான் மக்களில் !கூன், க்வே என்ற இரண்டு பிரிவினர் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த முதல் பெயருக்கு முன்னால் உள்ளது அச்சுப்பிழை இல்லை; நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கும் ஓசைக்கான எழுத்து அது. என் மகள் ஒரு வாரம் முயன்று பார்த்தாள். பல்லிக்குப் பதில் சொல்வது மாதிரி வந்தது.

இவர்கள் கதை சுற்றுவழிக் கதை. அங்கோலாவில் போர்ச்சுகீசியப் படைக்காகத் தடம் பார்த்தவர்கள், 1970-களில் தெற்கே நமீபியாவுக்கு இறங்கி, தென்னாப்பிரிக்க ராணுவத்தின் 31-ஆம் பட்டாலியனில் சேர்ந்தார்கள். 1990-இல் நமீபியா விடுதலை அடைந்தபோது, யாருக்கு எதிராகச் சண்டையிட்டார்களோ அவர்கள் கையில் ஆட்சி. பயந்துபோன வீரர்களையும் குடும்பங்களையுமாகச் சுமார் 4,000 பேரை ராணுவம் கொண்டுவந்து ஷ்மிட்ஸ்ட்ரிஃப்ட் என்ற இடத்தில் கூடாரங்களில் இறக்கியது. தற்காலிகம் என்று அடித்த கூடாரத்தில் பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. இதற்கிடையில், முன்பு அந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட பட்லாபிங் மக்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பிளாட்ஃபொன்டெய்ன் பண்ணை வாங்கப்பட்டு 1999-இல் உரிமைப் பத்திரம் கைக்கு வந்தது. வீடு கட்டிக் குடி போகும்போது 2003, 2004 ஆகிவிட்டது.

அக்காவும் தம்பியும் பிறந்தது அதையொட்டித்தான். ஓமா, அதாவது பாட்டி, பிறந்தது அங்கோலாவில். தாத்தா தடம் பார்ப்பவராக இருந்து ஷ்மிட்ஸ்ட்ரிஃப்ட் கூடாரத்தில் காலமானார். தாய் இல்லை. தகப்பன் வேறு மாகாணத்தில். இரண்டு பேரையும் வளர்த்தது ஓமாதான். வீட்டுப் பேச்சு க்வே, பள்ளிக்கூடத்துப் பேச்சு ஆஃப்ரிகான்ஸ், கல்லூரிக்குப் போனால் ஆங்கிலம்.

குடியிருப்புக்கு ஒட்டினாற்போல வில்டபீஸ்ட் குய்ல் என்ற சிறு குன்றில் சான் மூதாதையர் கல்லில் கொத்திய யானையும் எலாண்டு மானும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் பிளாட்ஃபொன்டெய்ன்காரர்களுக்கு இந்தக் குன்று பூர்வீகம் அல்ல, அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். பூர்வகுடி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இங்கே ரொம்ப தூரம் நேர்கோட்டில் நடக்க முடியாது.

தம்பிக்கு எட்டியவை

பிறந்ததிலிருந்து அவன்மேல் அரசாங்கத்தின் கை இருந்தது என்றே சொல்ல வேண்டும். இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. 1998-இல் மாதம் 100 ராண்டில் தொடங்கிய குழந்தை ஆதரவுப் படி (2025-இல் அது 560 ராண்டு) ஓமா பெயரில் அவனுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை வந்தது. அவன் படித்ததெல்லாம் கட்டணமில்லாப் பள்ளி. நாட்டுப் பள்ளிகளை வறுமைப்படி ஐந்து அடுக்காகப் பிரித்து, கீழ் அடுக்குகளுக்குக் கட்டணம் கிடையாது என்று 2007-லிருந்து நடைமுறை. மதியச் சாப்பாடும் உண்டு. 1994-இல் தொடங்கிய திட்டம். “சாம்ப் அண்ட் பீன்ஸ் போடுற அன்னைக்கு ஒருத்தனும் லீவு போட மாட்டான்” என்றான். சாம்ப் என்பது உடைத்த சோளம். எங்கள் ஊர்ச் சத்துணவில் முட்டை போடும் நாள் நினைவுக்கு வந்தது.

ஆக, வயிற்றுக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் குறைவில்லை. இடறியது பத்தாம் வகுப்பில்.

இந்த நாட்டில் பத்தாம் வகுப்புக்குள் நுழையும்போது கணக்கு எடுக்கிறாயா, மேத்ஸ் லிட் எடுக்கிறாயா என்று கேட்பார்கள். மேத்ஸ் லிட்டில் மின்சாரக் கட்டணம், வட்டி, வரைபட அளவுகோல் என்று அன்றாடக் கணக்கு இருக்கும்; இயற்கணிதமும் முக்கோணவியலும் இருக்காது. வாழ்க்கைக்கு உதவாத பாடம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொறியியல் பக்கம் போகிற கதவு அன்றைக்கே சாத்திக்கொள்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல்ல வீட்டில் யாராவது இருக்க வேண்டும். நகரத்தில் அவன் படித்த பள்ளியில் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சராசரிக்குக் கொஞ்சம் கீழே இருந்தவர்களை எல்லாம் மேத்ஸ் லிட் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஓமா கையெழுத்துப் போட்டாள். என்னிடம் வரும்போது அவன் பதினொன்றில் இருந்தான். காலம் தாண்டிவிட்டது.

அவனுக்கு எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும். காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. வடக்கு கேப் முழுக்க வெயில். 2011-லிருந்து அரசு தனியாரிடம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கும் திட்டத்தில் இங்கே சூரிய மின்நிலையங்கள் வரிசையாக வந்தன. கிம்பர்லிக்கு வெளியே ட்ரூக்ஃபொன்டெய்னில் ஒன்று இருக்கிறது. அந்தத் திட்டத்தின் நிபந்தனைப்படி, நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சமூகங்களுக்கு நிறுவனம் வருவாயில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும், வேலையிலும் உள்ளூர்க்காரர்களைச் சேர்க்க வேண்டும். ஆனால் கண்ணாடித் தகட்டைத் துடைக்கிற வேலைக்கும் இன்வெர்ட்டர் அறைக்குள் போகிற வேலைக்கும் நடுவே ஒரு சான்றிதழ் நிற்கிறது. அந்தச் சான்றிதழுக்குக் கணக்கு வேண்டும்.

2023 முடிவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, எழுதி டிப்ளமோவுக்குத் தகுதி பெறும் அளவில் தேறினான். கணக்கு இல்லாததால் மின்பொறியியல் டிப்ளமோவில் சேர முடியவில்லை. மிச்சமிருந்தது அரசுத் தொழிற்கல்லூரி. அங்கே தேசியத் தொழிற்சான்றிதழ் என்று இரண்டாம் நிலையிலிருந்து நாலாம் நிலைவரை மூன்று வருடப் படிப்பு. இரண்டாம் நிலை என்றால் பத்தாம் வகுப்புக்குச் சமம். மெட்ரிக் முடித்த பையன் மறுபடி பத்தாம் வகுப்புக்குப் போகிற மாதிரி. இதை அவனிடம் சொன்ன அன்று அவன் ஒன்றும் பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு டாக்சி பிடிக்கப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வந்து, “சரி மெனீர், பத்தாவதுலேர்ந்து ஆரம்பிப்போம்” என்றான்.

பணத்துக்கு என்எஸ்ஃபாஸ். இந்த ஊரில் கல்லூரிக்குப் போகும் வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. 1999-இல் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம். முன்பு கடனாகக் கொடுத்தார்கள். 2015 அக்டோபரில் மாணவர்கள் ‘கட்டணம் வீழட்டும்’ என்று தெருவில் இறங்கினார்கள். 2017 டிசம்பர் 16 அன்று அதிபர் ஜுமா, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுவரை உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்திலும் தொழிற்கல்லூரியிலும் இலவசம் என்று அறிவித்தார். 2018-லிருந்து திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குழந்தைப் படி போன்ற அரசு உதவித்தொகையில் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு வருமானச் சான்றே தேவையில்லை. பதிவேட்டில் எண்ணைத் தட்டினால் தானாகத் தகுதி வந்துவிடும். அவனுக்கும் அப்படித்தான் வந்தது. அங்கோலாவில் பிறந்த ஓமாவின் தாள்களை யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

நம் ஊர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பழங்குடி மாணவர் என்றால் முதலில் சாதிச் சான்றிதழ். 69 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம் அவர்களுக்கு. அந்த ஒன்றைத் தொட இருளர் வீட்டுப் பிள்ளை சான்றிதழுக்காக எத்தனை தடவை தாலுகா அலுவலகம் ஏறி இறங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். என்எஸ்ஃபாஸில் சான் மக்களுக்கென்று தனிப் பங்கு கிடையாது; அதனால் ‘நீ சான் என்பதற்கு அத்தாட்சி என்ன’ என்று கேட்பாரும் கிடையாது. வருமானம் ஒன்றே அளவுகோல். பணத்தைப் பொறுத்தவரை இந்த வழியே மேல் என்பது என் கட்சி. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “கணக்குல வராதவன் கண்ணுல வர மாட்டான் தம்பி. எத்தனை சான் பிள்ளைங்க காலேஜுக்குப் போச்சுன்னு நாளைக்கு யாரைக் கேப்பே?” என்றார். இரண்டு வருடமாக இந்த வழக்கு எங்களுக்குள் ஓடுகிறது.

இடைஞ்சல் வந்தது வேறு வழியில். என்எஸ்ஃபாஸ் இணையதளத்தில் கணக்கு தொடங்கும்போது அவனிடம் போன் இல்லை. சித்தப்பா மகன் எண்ணைக் கொடுத்திருந்தான். அந்த எண்ணுக்குத்தான் ஒருமுறைக் கடவுச்சொல் வரும். டிசம்பரில் அந்தப் பயல் சிம்மைத் தொலைத்துவிட்டான். சேர்க்கை உறுதியாகிவிட்டதா என்று பார்க்கக்கூட உள்ளே போக முடியவில்லை. சிம் யார் பெயரில் இருந்தது, அவர் எங்கே, அவருடைய அடையாள அட்டை எங்கே என்று தேடி, அண்ணாச்சியின் காரில் மூன்று நாள் அலைந்து எண்ணை மீட்டோம். போலீஸ் நிலையத்தில் சான்றிட்ட நகல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது நாலு மாதம் பழையது. மறுபடி வரிசை. முத்திரை இலவசம்தான், டாக்சிக் கட்டணம் இலவசமில்லை.

2024-இல் வகுப்பு தொடங்கியது. பயணப்படி கைக்கு வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் நாங்கள் மூன்று வீட்டார் மாற்றி மாற்றி டாக்சிக் காசு கொடுத்தோம். கொடுக்க ஆள் இல்லாத இரண்டு பேர் அவன் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். படிப்பை முடிக்காத மாணவர் என்று அவர்கள் பெயர் பதிவாகியிருக்கும்.

கணக்கில் அவன் மந்தம் இல்லை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தக் காட்டினால் இரண்டாவது கணக்கை அவனே போடுவான். விழுந்தது சொற்கணக்கில். ஒரு நாள் சமனிலிக் கணக்கு. ‘அட் லீஸ்ட் 5’ என்று இருந்தது. குறைந்தபட்சம் 5, அதாவது 5-ம் அதற்கு மேலும். அவனோ 5-ம் அதற்குக் கீழும் என்று கோடு போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். “லீஸ்ட்னா ரொம்பச் சின்னதுதானே மெனீர்?” என்றான். ஆஃப்ரிகான்ஸில் ‘டென் மின்ஸ்டெ’ என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு கோட்டைத் திருப்பிப் போட்டான். அதற்கும் முந்திய மொழியில், வீட்டு மொழியில், அதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “அந்த மொழியில யாரும் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததில்ல.”

அக்காவின் எட்டு மாதம்

அக்கா அவனைவிட மூன்று வயது மூத்தவள். அவளும் மெட்ரிக் முடித்தவள். மேற்படிப்புக்குப் போகவில்லை, ஓமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2023 பிப்ரவரியில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், அரசு ஒரு வேலைத் திட்டம் தொடங்கியிருந்தது: 18 முதல் 35 வயதுவரை வேலையில்லாமல் இருப்பவர்களைச் சில மாதங்களுக்குப் பள்ளிக்கூட உதவியாளர்களாக வைத்துக்கொள்வது. வகுப்பறை உதவி, விளையாட்டு, கணினி, சுவருக்கு வர்ணம் அடிப்பது என்று பல வகை. நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் இதில் மாதப்படி வாங்கினார்கள். அவளுக்குக் கிடைத்தது ‘வாசிப்பு உதவியாளர்’.

குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது, புத்தகத்தை எண்ணி வைப்பது என்று வேலை விவரத்தில் இருந்தது. முதல் வாரத்திலேயே அது வேறு வேலையாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் நல்லவர், பொறுமைசாலி, ஆஃப்ரிகான்ஸ்காரர். அவருக்கு க்வேயும் தெரியாது, !கூனும் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு சொல்லும் கேட்டிராத மொழியில் எழுத்தைத் தொடங்குகிறது. “புரிஞ்சுதான்னு டீச்சர் கேப்பாங்க. எல்லாம் ‘யா, யா’ன்னு தலையாட்டும். நானும் அப்படித்தான் ஆட்டினேன், மூணாம் வகுப்பு வரைக்கும்” என்றாள் அக்கா. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து டீச்சர் சொல்வதைக் காதோடு காதாக க்வேயில் சொல்லத் தொடங்கினாள். டீச்சர் கவனித்தார், இரண்டாம் நாளே நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

ஜூனில் அவள் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆஃப்ரிகான்ஸ், வலப்பக்கம் க்வே. நாற்காலி, கூட்டு, கழி, பெரியது, வரிசையில் நில். க்வேயை அவள் எழுதியது பள்ளியில் கற்ற முறையில் இல்லை. அப்படி ஒரு வகுப்பே அவளுக்குக் கிடையாது. காதில் விழுவதை ஆஃப்ரிகான்ஸ் எழுத்தில் போட்டு, சொடுக்கொலி வரும் இடத்தில் தானாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். இத்தனைக்கும் க்வே மொழிக்கு எழுத்துமுறை உண்டு, 2003-இல் பெரிய அகராதியே வந்துவிட்டது. பிளாட்ஃபொன்டெய்னில் இப்போது உள்ள எக்ஸ்-கே எஃப்எம் என்ற வானொலி 2000-லிருந்து !கூனிலும் க்வேயிலும் ஒலிக்கிறது; நடத்துவது நாட்டின் பொது ஒலிபரப்புக் கழகம். தினமும் செய்தியும் பாட்டும் வீடுவீடாகக் கேட்கிறது. அந்த மொழி பள்ளி மணி அடிக்கும்வரை எல்லாருக்கும் போதுமானதாக இருக்கிறது.

அந்த வருடம் மே மாதம்தான் பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வின் முடிவு வெளியாகி நாடே பேசிக்கொண்டிருந்தது: 2021-இல் சோதித்ததில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் எந்த மொழியிலும் படித்துப் பொருள் சொல்ல முடியவில்லை. அதில் பாதிப் பழியாவது மொழிமேல் விழும் என்பது வாத்தியார்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்டை நாடு நமீபியாவில் நாமா மக்களின் கோய்கோய்கோவாப் மொழி பள்ளியில் பாடம். ட்சும்க்வே பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் சான் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்பைத் தங்கள் மொழியிலேயே படிக்கிறார்கள். இவர்கள் அந்த நமீபியாவிலிருந்துதான் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள்.

2023 செப்டம்பர் 30 அன்று வேலைத் திட்டத்தின் அந்தக் கட்டம் முடிந்தது. நாடு முழுக்க எல்லாருக்கும் ஒரே நாளில் முடிந்தது, குறை சொல்ல ஆள் இல்லை. வேலை கொடுப்பதுதான் திட்டத்தின் நோக்கம், வேலை கொடுத்தார்கள். கொடுத்ததற்குக் கணக்கும் இருக்கிறது. அவள் க்வே பேசினாள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. க்வே தெரியாத ஒருவர் வந்திருந்தாலும் அதே படி, அதே சான்றிதழ். ஒரு மொழியை வகுப்பறைக்குள் கொண்டுவர அந்தச் சமூகத்துக்கு இந்த மூன்று வருடத்தில் நான் நேரில் பார்த்த ஒரே உதவி, வேறொரு நோக்கத்துக்காக வந்த பணத்தில் தற்செயலாக நடந்தது. அக்டோபர் முதல் வாரம் டீச்சர் அவளுக்குப் போன் செய்தாராம். ஒரு பொடியன் தினமும் அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறான் என்று சொல்ல.

ஆறாவது பிரிவு

அண்ணாச்சி வீட்டில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் ஒன்று உண்டு, பாக்கெட் அளவு. 1996-இல் வந்ததிலிருந்து வைத்திருக்கிறார். ஆறாவது பிரிவில் ஐந்தாவது உட்பிரிவை அடிக்கோடிட்டிருக்கிறார். அரசு ஒரு மொழி வாரியம் அமைக்க வேண்டும். அது ஆட்சிமொழிகளையும், கோய், நாமா, சான் மொழிகளையும், சைகை மொழியையும் வளர்த்து, அவை புழங்குவதற்கு வழிசெய்ய வேண்டும். அடுத்த வரியில், சமூகங்கள் பேசும் மற்ற மொழிகளுக்கு மதிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒரு பட்டியல்: ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீசியம், தமிழ், தெலுங்கு, உருது.

ஆக, சட்டப்படி சான் மொழிகள் எங்களைவிட ஒரு படி மேல். அவர்களுக்கு வளர்ச்சி, எங்களுக்கு மரியாதை. நடப்பில் பார்த்தால் தலைகீழ். மெட்ரிக் தேர்வுக்கான பாடப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. 2014-இல் குவாசுலு-நட்டால் பள்ளிகளில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளை விருப்பப் பாடமாக எடுக்க வழி வந்தது. எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்பது வேறு கதை; அதைப் பேச ஆரம்பித்தால் அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் ஏறும். பிளாட்ஃபொன்டெய்ன் பிள்ளைக்கு அந்த விருப்பமே கிடையாது. 2025-இல் நாலாம் வகுப்பிலிருந்து தாய்மொழி வழி இருமொழிக் கல்வி என்று அரசு தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் அது ஆட்சிமொழிகளுக்கு.

அப்கிங்டனில் ஓமா கத்ரினா எசோ என்ற மூதாட்டியைப் பற்றி இங்கே பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1933-இல் பிறந்தவர். நூ என்ற சான் மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி ஆள். தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பல வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தார். 2014-இல் அரசு அவருக்குப் பாவோபாப் விருது கொடுத்துக் கௌரவித்தது. விருது அவருக்குப் போனது. மொழி பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை. நாட்டுச் சின்னத்தில் பொறித்திருக்கும் வாசகமும் ஒரு கோய்சான் மொழியில்தான். 2000 ஏப்ரல் 27-இல் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மொழியைப் பேசுகிறவர் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

எங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று அண்ணாச்சியைக் கேட்டால் கதை 1860-க்குப் போகும். அந்த நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் நின்றது. கரும்புக் காட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி கட்டவில்லை. ஊர் காசு திரட்டிக் கட்டினால் அரசு மானியம் தரும். நட்டாலில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவை வெகுகாலம்வரை அந்த வகைதான். அண்ணாச்சியின் தகப்பனார் ஞாயிறுதோறும் செங்கல் சுமந்தாராம். சாயந்திரம் அதே கட்டடத்தில் தமிழ் வகுப்பு. “நம்மகிட்ட கையில காசு வந்துச்சு, அச்சடிச்ச புத்தகம் கப்பல்ல வந்துச்சு, வாத்தியாரும் வந்தாரு. இவங்களுக்கு எந்தக் கப்பல் வரும்?” என்றார். இந்த இடத்தில் நான் அவரோடு வழக்காடவில்லை. பணத்துக்குக் கட்டம் வேண்டாம், மொழிக்குக் கட்டாயம் வேண்டும் என்ற இடத்துக்கு நானும் வந்துவிட்டேன்.

தலைமைப் பதவிகளுக்கு ஒரு சட்டம் வந்தது, பாரம்பரிய மற்றும் கோய்-சான் தலைமைச் சட்டம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2023 மே 30-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, திருத்த 24 மாத அவகாசம் கொடுத்தது. ஒன்றாம் வகுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பூர்வகுடி என்றதும் அரசாங்கத்தின் கண் முதலில் எங்கே போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

2025 வரை

தம்பி இரண்டாம் நிலையில் கணக்கில் 58 வாங்கித் தேறினான். இப்போது மூன்றாம் நிலை. ஒரு நாள் கல்லூரியில் மின்பலகை மாட்டச் சொல்லிக்கொடுத்ததைச் செய்துகாட்டுகிறேன் என்று அண்ணாச்சி வீட்டு ஷெட் விளக்கின் சுவிட்சைக் கழற்றினான். நாங்கள் இரண்டு பெரியவர்களும் மெயினை அணைத்துவிட்டோமா என்று மூன்று தடவை கேட்டோம். 2023 விண்ணப்பத்தில் நாலாவது கட்டம்வரை விரல் போய் வந்த அந்த ‘மக்கள் பிரிவு’ வரியில் கடைசியில் ஆப்பிரிக்கர் என்று தொட்டான். பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அக்கா இன்னும் கலர்டு.

அவள் பழைய நோட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வானொலியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண்ணிடம் உட்கார்ந்து, தன் புள்ளிகளை முறையான எழுத்துக்கு மாற்றினாள். 2025-இல் பள்ளி உதவியாளர் திட்டத்தின் அடுத்த கட்டம் தொடங்கியபோது மறுபடி விண்ணப்பித்தாள், அவளுக்கு விழவில்லை. டீச்சர் மட்டும் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், படி எதுவும் கிடையாது. போகிறாள்.

போன சனிக்கிழமை நாற்பது சொற்களை அட்டையாக அடிக்க வேண்டும் என்று கொண்டுவந்தாள். மேலே படம், கீழே க்வே, அதற்குக் கீழே சின்னதாக ஆஃப்ரிகான்ஸ். பதினேழாவது அட்டையில் அண்ணாச்சியின் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. மீதியெல்லாம் வெளுத்து வந்தன. “திங்கக்கிழமை வாங்கிடுறேம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம் நினைவு வந்து ஆஃப்ரிகான்ஸில் சொன்னார். அவள் அதற்குள் அந்தப் பதினேழையும் ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்திருந்தாள்.